குளிர்காலத்துப் பெரிய பானையும் மறுநாள் வயிற்றுவலியும்

பண்டிகைக்கு மறுநாள் காலை என் கிளினிக்கில் ஒரு குடும்பம் மொத்தமாக வந்து உட்காரும். வருஷா வருஷம் குடும்பம்தான் மாறும், கதை மாறாது. போன குளிர்காலத்தில் வந்தவர்கள் ஐந்து பேர். ஒரு தாத்தா, அவருடைய மகள், மருமகன், இரண்டு பிள்ளைகள். எல்லாருக்கும் வயிற்றைச் சுருட்டிப் பிடிக்கிற வலி, நடுராத்திரியிலிருந்து தண்ணீராகப் போகிறது. காய்ச்சல் இல்லை, வாந்தியும் இல்லை.

"வெளியில எதுவுமே சாப்பிடல டாக்டர், எல்லாம் நானே வீட்டில் செஞ்சது" என்று அந்த அம்மா சொல்லும்போதே அழுதுவிடுவார் போலிருந்தது. முந்தின நாள் ராத்திரி பத்து மணி வரை நின்று இறைச்சியும் கிழங்கும் போட்டுக் கெட்டியாக ஒரு குழம்பு, பெரிய பானை நிறைய வைத்திருக்கிறார். அடுப்பை அணைத்து, மூடி போட்டு, அப்படியே அடுப்பின் மேல் விட்டிருக்கிறார். மதியம் விருந்தாளிகள் வந்ததும் லேசாகச் சூடு பண்ணிப் பரிமாறியிருக்கிறார். ஃபிரிட்ஜில் ஏன் வைக்கவில்லை என்று கேட்டேன். "இடமில்ல டாக்டர், அதுவும் இந்தக் குளிருக்கு அது எங்க கெடப்போகுது?"

இந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கட்டுரையே. குளிர் நமக்குத்தான், பானைக்குள் இருக்கிற குழம்புக்கு இல்லை.

சொன்னால் நம்ப மாட்டார்கள் என்பதால் நானே வீட்டில் செய்து பார்த்தேன். 10 லிட்டர் பானையில் கெட்டியான சூப், கொதித்ததும் அடுப்பை அணைத்து மூடிவிட்டேன். சமையலறையில் ஸ்வெட்டர் இல்லாமல் நிற்க முடியாத குளிர். நான்கு மணி நேரம் கழித்து நடுவில் தெர்மாமீட்டரை விட்டால் 45 டிகிரிக்கு மேல் காட்டுகிறது. பானையின் வெளிப்பக்கத்தைத் தொட்டால் வெதுவெதுப்புதான். காலையில் எழுந்து பார்த்தபோதும் 27 டிகிரி. ராத்திரி முழுக்க கிருமி வளர்க்கிற ஒரு இன்குபேட்டரை அடுப்பின் மேல் வைத்துவிட்டுத் தூங்கியிருக்கிறேன், அவ்வளவுதான்.

இந்த வேலையைச் செய்கிற கிருமியின் பெயர் கிளாஸ்டிரிடியம் பெர்ஃபிரிஞ்சன்ஸ். இறைச்சியிலும் மண்ணிலும் சாதாரணமாக இருப்பது. கொதிக்க வைத்தால் சாகாதா என்று கேட்பீர்கள். கிருமி சாகும், ஆனால் அதன் வித்துகள், அதாவது கெட்டி ஓட்டுக்குள் உறங்கிக் கிடக்கிற அதன் வடிவம், கொதிநிலையையும் தாங்கி உட்கார்ந்திருக்கும். கொதிக்கும்போது குழம்பிலிருந்து ஆக்சிஜன் வெளியேறிவிடுகிறது, கெட்டியான குழம்பின் நடுவில் அது திரும்ப எளிதில் நுழைவதில்லை. காற்றில்லாத இடம்தான் இந்தக் கிருமிக்குப் பிடித்த இடம். போட்டிக்கு இருந்த மற்ற கிருமிகளையும் நாமே கொதிக்க வைத்துக் கொன்றுவிட்டோம். சூடு இறங்கி 43க்கும் 47 டிகிரிக்கும் நடுவில் வரும்போது இது பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கக்கூடியது. ஒன்றில் ஆரம்பித்தாலும் மூன்று மணி நேரத்தில் இரண்டரை லட்சத்தைத் தாண்டிவிடும். நாற்றம் வராது, ருசி மாறாது, நுரைக்காது. மோந்து பார்த்து "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்கிற பழக்கம் இந்த விஷயத்தில் எதற்கும் உதவாது. அதற்குப் பிறகு லேசாகச் சூடு பண்ணிச் சாப்பிட்டால் அது உயிரோடு குடலுக்குள் போய், அங்கே நச்சை உண்டாக்குகிறது. அமெரிக்காவில் இந்தக் கிருமியால் கூட்டமாகப் பாதிக்கப்படுவது நவம்பர், டிசம்பர் மாதங்களில்தான் அதிகம். குளிர்காலம், விருந்து, பெரிய பாத்திரம் மூன்றும் ஒன்று சேருகிற மாதங்கள் அவை.

சரி, பெரிய பானையில் சமைக்கவே கூடாதா? தாராளமாகச் சமையுங்கள். ஆவி பறக்கிற சூப்பும், மணிக்கணக்கில் மெல்ல வெந்த இறைச்சியும், சூடான புட்டிங்கும் இல்லாமல் குளிர்காலம் எதற்கு? நான் சொல்வது சமைத்து முடித்த பிறகு வருகிற இரண்டு மணி நேரத்தைப் பற்றி மட்டும்தான். அடுப்பை அணைத்ததும் மிச்சம் வைக்கப்போவதை அகலமான தட்டையான பாத்திரங்களில் இரண்டு அங்குல உயரத்துக்கு மேல் போகாமல் பிரித்து ஊற்றுங்கள். ஆழம் பாதியானால் ஆறுகிற நேரம் பாதியாவதில்லை, அதைவிட ரொம்பவே குறைகிறது. அவசரமென்றால் பாத்திரத்தைப் பச்சைத் தண்ணீரில் இறக்கி வைத்துக் கரண்டியால் கிளறிக்கொண்டே இருங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜுக்குப் போய்விட வேண்டும். லேசான சூட்டோடு உள்ளே வைத்தால் ஃபிரிட்ஜ் கெட்டுவிடாது, ஆனால் பானையை முழுசாகத் தூக்கி உள்ளே வைத்தால் அதன் நடுப்பகுதி மணிக்கணக்கில் ஆறாமலே இருக்கும், பக்கத்தில் இருக்கிற பாலும் சேர்ந்து சூடாகும். பால்கனியில் வைக்கிறேன், ஜன்னலுக்கு வெளியே வைக்கிறேன் என்பவர்களும் உண்டு. வெளிக்குளிர் ராத்திரிக்கும் பகலுக்கும் மாறிக்கொண்டே இருக்கும், வெயில் பட்டால் முடிந்தது.

மறுபடி சூடு பண்ணுவது என்றால் நடுப்பகுதி 74 டிகிரியைத் தொட வேண்டும். வீட்டில் தெர்மாமீட்டர் இல்லையென்றால் நன்றாகக் கிளறிக் கிளறிக் கொதிக்க விடுங்கள், ஓரத்தில் குமிழி வந்ததும் அணைத்துவிடாதீர்கள். மைக்ரோவேவில் என்றால் பாதியில் எடுத்து ஒருமுறை கிளறுங்கள், அது அங்கங்கே குளிர்ந்த இடங்களை விட்டுவிடும். ஃபிரிட்ஜில் வைத்த மிச்சம் மூன்று நான்கு நாள் வரை போதும். அதற்கு மேல் வேண்டுமென்றால் முதல் நாளே ஃப்ரீசரில் போடுங்கள்.

சோற்றுக்கு மட்டும் இந்தச் சூடு பண்ணுகிற சமாதானமும் செல்லாது. வெளியில் கிடந்த சோற்றில் வளர்கிற பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமி சாப்பாட்டிலேயே நச்சை உண்டாக்கி வைத்துவிடும், அந்த நச்சு கொதிக்க வைத்தாலும் போகாது. பாலும் அரிசியும் சேர்த்துச் செய்கிற இனிப்புகளுக்கும் இதே கணக்குதான்.

இன்னொன்று, பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். ராஜ்மா. ஸ்லோ குக்கரில் காலையில் ஊறாத பயறைப் போட்டுவிட்டுச் சாயங்காலம் சூடாக எடுத்துச் சாப்பிடலாம் என்று நினைத்த ஒரு இளம் தம்பதி, சாப்பிட்ட இரண்டு மணி நேரத்தில் நிறுத்தாமல் வாந்தி எடுத்துக்கொண்டு வந்தார்கள். சிவப்பு ராஜ்மாவில் இயற்கையாகவே லெக்டின் என்கிற ஒரு நச்சுப்புரதம் இருக்கிறது, அரைவேக்காட்டுப் பயறு நான்கைந்து போதும். 80 டிகிரி வரை மட்டும் சூடாக்கினால் அது குறைவதற்குப் பதில் கூடுவதாகவும் பார்த்திருக்கிறார்கள். ஸ்லோ குக்கரின் மெல்லிய சூடு அதற்கு அருகில்தான் நிற்கிறது. ஐந்து மணி நேரமாவது ஊற வைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் அரை மணி நேரம் தளதளவென்று கொதிக்க வைத்த பிறகு எந்தக் குக்கரில் வேண்டுமானாலும் போடுங்கள். டப்பாவில் வருவது ஏற்கனவே வெந்தது, அதற்குப் பயமில்லை.

இனிப்புகளில் எனக்குக் கவலை தருவது பச்சை முட்டையும் பச்சை மாவும். முட்டையை எல்லாரும் ஓரளவு அறிந்திருக்கிறார்கள், மாவை யாரும் சந்தேகப்படுவதில்லை. கோதுமை மாவு வேகாத பொருள், அதில் சால்மொனெல்லா, ஈ.கோலி என்ற நோய்க்கிருமிகள் இருந்திருக்கின்றன. பிஸ்கட் செய்யும்போது குழந்தைகள் பக்கத்தில் நின்று மாவுக் கிண்ணத்தை வழித்து நக்குவது பார்க்க அழகாகத்தான் இருக்கும், இருந்தாலும் வேண்டாம். கஸ்டர்டை அடுப்பில் வைத்துக் கரண்டியின் பின்பக்கம் ஒட்டிக்கொள்கிற பதம் வரை காய்ச்சுங்கள், 71 டிகிரி வந்தால் போதும். ஒரு வயது ஆகாத குழந்தைக்கு விரல் நுனியில் தொட்டுக்கூடத் தேன் வேண்டாம், அதில் இருக்கக்கூடிய, பாட்டுலிசம் என்ற நரம்பைத் தாக்குகிற நோயை உண்டாக்கும் கிருமியின் வித்துகளை அந்தக் குடலால் சமாளிக்க முடியாது.

அந்தக் குடும்பத்துக்கு வருவோம். பிள்ளைகள் ஒரே நாளில் எழுந்து ஓடினார்கள். தாத்தாவுக்குத்தான் நாக்கு வறண்டு, எழுந்து நின்றால் தலைசுற்றல், ஒரு பாட்டில் சலைன் ஏற்ற வேண்டியதாயிற்று. எழுபது வயதுக்காரருக்கும் பத்து வயதுப் பையனுக்கும் ஒரே குழம்புதான், ஆனால் ஒரே பாதிப்பு இல்லை. கர்ப்பிணிகள், சர்க்கரை நோயாளிகள், கீமோதெரபி எடுப்பவர்கள் வீட்டில் இருந்தால் நேற்றைய மிச்சத்தை அவர்கள் தட்டில் வைக்கும் முன் அது எங்கே, எத்தனை மணி நேரம் இருந்தது என்று யோசியுங்கள்.

பெரும்பாலானவர்களுக்கு ஓஆர்எஸ் கரைசலும் ஓய்வும் போதும். மலத்தில் ரத்தம், 39 டிகிரிக்குப் பக்கத்தில் காய்ச்சல், குடித்த தண்ணீரே தங்காத வாந்தி, மூன்று நாளுக்கு மேல் நிற்காத போக்கு, சிறுநீர் குறைந்து போவது, இதில் ஒன்று இருந்தாலும் மருத்துவரிடம் வாருங்கள். வரும்போது எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்கு வலி தொடங்கியது என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி எடுத்து வாருங்கள். இரண்டு மணி நேரத்தில் வாந்தி என்றால் ராஜ்மாவையும் சோற்றையும் பற்றிக் கேட்பேன். எட்டு, பத்து மணி நேரம் கழித்து வயிற்றுப் பிடிப்பு என்றால், அந்தப் பெரிய பானையை ராத்திரி எங்கே வைத்திருந்தீர்கள் என்றுதான் முதலில் கேட்பேன்.