பேக்மேன் தவளைக்கு உயிருள்ள எலி எதற்கு?

செந்தூல் வாசகர் ஒருவரின் கேள்வி: "என் பேக்மேன் தவளை செத்த இரையைத் திரும்பியும் பார்ப்பதில்லை. கடையில் உயிருள்ள வெள்ளை எலியைப் போடச் சொல்கிறார்கள். போடலாமா?"

வேண்டாம். கொம்புத் தவளை என்றும் சொல்லப்படும் இந்தத் தவளை தேடுவது அசைவை. அதற்கு உயிர் தேவையில்லை.

1959இல் அமெரிக்க ஆய்வாளர் லெட்வின் குழுவினர் தவளையின் பார்வை நரம்பில் மின்முனை வைத்து, சிறிய கரும்புள்ளி நகர்ந்து வரும்போது விழித்துக்கொள்ளும் நரம்பிழைகளைக் கண்டார்கள். பின்னர் ஜெர்மனியில் எவர்ட் என்ற ஆய்வாளர் தேரைகளுக்கு அட்டைப் பட்டைகளைக் காட்டினார். பட்டை நீளவாக்கில் நகர்ந்தால் தேரை அதைத் துரத்திக் கவ்வப் பார்த்தது. அதே பட்டையை நட்டக்குத்தாக நிறுத்தி அதே வேகத்தில் நகர்த்தினால் ஏறக்குறைய சட்டையே செய்யவில்லை. புழு என்றால் தன் நீளத்தின் போக்கில்தானே ஊரும்! நடுமூளைக்கு முன்னால் உள்ள ஒரு பகுதிதான் இந்தக் கட்டுப்பாட்டை வைத்திருக்கிறது. அது சேதமான தேரை, அசையும் எதையும், ஆய்வாளரின் கையைக்கூட, கவ்வ வருகிறது.

ஆகவே நுனியில் ரப்பர் உள்ள நீண்ட இடுக்கியால் இரையைப் படுக்கைவாட்டில் பிடித்து, தவளையின் பக்கவாட்டில், நீளப்போக்கிலேயே மெல்ல நகர்த்துங்கள். மண்புழுவும் கால்சியத் தூள் தூவிய சுவர்க்கோழிப் பூச்சியும் அன்றாட உணவாக இருக்கட்டும். எலிக்குஞ்சு எப்போதாவது போதும்: உறைந்ததைக் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் இளகவிட்டு, பையோடு வெதுவெதுப்பான நீரில் வையுங்கள். மைக்ரோவேவ் கூடாது, ஓரம் வெந்து நடு உறைந்தே கிடக்கும். இரையின் அகலம் தவளையின் இரு கண்களுக்கு இடைப்பட்ட தூரத்தைத் தாண்டக் கூடாது.

4.5 செ.மீ. அகலத் தலையுள்ள கொம்புத் தவளையின் கடி சுமார் 30 நியூட்டன். ஏறத்தாழ 3 கிலோ எடையின் அழுத்தம். பெரிய எலியை அது உடனே கொல்வதில்லை. எலி திணறித் திணறிச் சாகிறது, அதற்குள் தவளையின் கண்ணையும் வாயையும் பிறாண்டிக் கடிக்கிறது. "காட்டில் இதுதானே நடக்கிறது" என்பார்கள். இந்தத் தவளை வாழும் அர்ஜென்டினப் புல்வெளியில் எலிக்கு ஓட வழியுண்டு, கண்ணாடித் தொட்டியில் இல்லை. அந்த வழியை அடைத்தது நாம். அதன் வேதனைக்கும் நாமே பொறுப்பு.

அடிக்கடி எலி தின்னும் தவளைக்கு உடல் பருக்கும், கண்ணின் முன்பக்கத் தெளிந்த படலத்தில் கொழுப்புப் படிந்து பார்வை மங்கும். இரவெல்லாம் ஏர்கோன் ஓடும் அறையில் தொட்டியின் வெப்பம் 24 பாகைக்குக் கீழே இறங்கினால் செரிமானம் மந்தமாகி, பெரிய இரை வயிற்றிலேயே அழுகலாம்.

முதல் நாள் தின்னாவிட்டால் இரையை எடுத்துவிட்டு, இரண்டு நாள் கழித்து மாலையில் மறுபடி காட்டுங்கள். நன்கு வளர்ந்த, நலமான தவளை ஒரு வாரம் பட்டினி கிடந்தாலும் தாங்கும்.