இறைபோநொதியம்: சொல் விளக்கம்

கலத்தினுள் நிகழும் இரசாயனத் தாக்கமொன்றை நொதியம்போல நின்று விரைவுபடுத்தும் ஆர்.என்.ஏ (மரபுச்செய்தியைக் காவும் இறைபோநியூக்கிளிக் அமிலம்) மூலக்கூறே இறைபோநொதியம் ஆகும். ரைபோசைம் என்ற ஒலிபெயர்ப்பும் வழக்கில் உண்டு. மூலச்சொல்லை 1982ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தோமஸ் செக்கின் ஆய்வுக்குழு ஆக்கியது.

அச்சொல்லின் முற்பாதி ஆர்.என்.ஏயிலுள்ள வெல்லமான இறைபோசைக் குறிக்கும். அரபிப் பிசினிலிருந்து பெறப்பட்ட அரபினோசு என்னும் வெல்லத்தின் பெயரெழுத்துக்களை இடம்மாற்றி அமைத்த பெயர் அது. ஆகவே அதற்குப் பொருள் தேடித் தமிழாக்க முனைவது வீண்வேலை. சொல்லின் முதலில் றகரம் வாராது என்பதால் நம்மவர் இகரத்தை முன்னே சேர்த்தனரேயன்றி, இறைவனுக்கும் இதற்கும் தொடர்பில்லை. பிற்பாதியோ ‘மாவைப் புளிக்கவைக்கும் பொருள்’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லடியிலிருந்து வந்தது. கள்ளு விட்டு அப்பமாவைப் பொங்கவைக்கும் யாழ்ப்பாணத்தில் இதற்கு விளக்கவுரை வேண்டியதில்லை. நொதித்தலிலிருந்து பிறந்த நொதியம் நம் பாடநூல்களிலும், நொதி தமிழகத்திலும் நிலைத்துவிட்டன.

1926இல் ஜேம்ஸ் சம்னர் யூரியேசு நொதியத்தைப் பளிங்காக்கி அது புரதமே எனக் காட்டியபின், நொதியங்கள் யாவும் புரதங்களே என்ற எண்ணம் படிப்படியாக வேரூன்றியது. அதனைத் தகர்த்தது டெட்ராகைமினா என்னும் ஒருகல உயிரியின் ஆர்.என்.ஏ. அதன் இடையிலுள்ள வேண்டாத துண்டு, புரதம் எதுவும் இல்லாதபோதும், தன்னைத் தானே வெட்டி வெளியேறி இருபக்க முனைகளையும் ஒட்டிவிட்டது. ஒற்றை இழையாகிய ஆர்.என்.ஏ தன்மேல் தானே மடிந்து குழியொன்றை அமைக்கிறது; அக்குழியில் வந்து பொருந்தும் குவனோசின் என்னும் சிறு மூலக்கூறின் ஐதரொட்சில் (OH) கூட்டம் வெட்டவேண்டிய பொசுபேற்றுப் பிணைப்பைத் தாக்க, விடுபட்ட முனை அடுத்த பிணைப்பைத் தாக்குகிறது. மகனீசியம் அயன்கள் இதற்கு இன்றியமையாதவை. ஒரு பிணைப்பு அறும்போதே இன்னொன்று உருவாவதால் புறத்தேயிருந்து சக்தி தேவைப்படுவதில்லை.

எனினும் ஊக்கி, அதாவது தாக்கத்தை விரைவுபடுத்தும் பொருள், தாக்கத்தின் முடிவில் மாறாதிருக்க வேண்டும். இத்துண்டோ தானே மாறிவிடுகிறது. அக்குறையை நீக்கியது 1983இல் சிட்னி ஒல்ட்மன் குழுவினரும் நோர்மன் பேஸ் குழுவினரும் வெளியிட்ட முடிவு: ஆர்.என்.ஏயும் புரதமும் சேர்ந்த நொதியமான பற்றீரியாவின் இறைபோநியூக்கிளியேசு-பீயில் உள்ள ஆர்.என்.ஏ, வேறு ஆர்.என்.ஏக்களை ஒன்றன்பின் ஒன்றாக வெட்டியும் தான் மாறாதிருந்தது. 1989ஆம் ஆண்டின் இரசாயன நோபல் பரிசைச் செக்கும் ஒல்ட்மனும் பகிர்ந்துகொண்டனர்.

தமிழ்ச் சொல்லில் ஓர் இடர் உண்டு. இறைபோநொதியம் என்பதை வேற்றுமைத்தொகையாகக் கொண்டு ‘ஆர்.என்.ஏயைச் சிதைக்கும் நொதியம்’ என விரித்தால், அது இறைபோநியூக்கிளியேசு என்னும் புரதத்தைக் குறித்துவிடும். ‘ஆர்.என்.ஏ ஆகிய நொதியம்’ எனப் பண்புத்தொகையாக விரிப்பதே சரி. ஒல்ட்மன் ஆராய்ந்த மூலக்கூறுக்கு மட்டும் இரு விரிவும் பொருந்துவது வேடிக்கைதான். ஐயத்துக்கு இடமுள்ள இடங்களில் ‘நொதிய ஆர்.என்.ஏ’ என எழுதுவது நன்று.

கலத்தில் புரதங்களை ஆக்கும் இறைபோசோமையும் இச்சொல்லால் சுட்டலாமா? சுட்டலாம். 2000ஆம் ஆண்டில் வெளியான, அதன் இரு பகுதிகளுள் பெரியதான பெரிய துணையலகின் கட்டமைப்பில், அமினோ அமிலங்களிடையே பெப்தைட்டுப் பிணைப்பு உருவாகும் மையத்தைச் சூழ ஆர்.என்.ஏ மட்டுமே காணப்பட்டது. ஆனால் அங்கு ஊக்கியாக நிற்பது அப்பெரிய துணையலகின் ஆர்.என்.ஏ என்பதால், முழு இறைபோசோமையும் கூறாமல் அதனையே பெயர்சுட்டி எழுதுவது திருத்தமானது.