கதை கேட்கப் போகிறவர்கள் குறித்துக்கொள்ள வேண்டியவை

கல்லூரி ஆய்வேடு, தொண்டு நிறுவனத்தின் திட்ட அறிக்கை, யூடியூப் ஆவணப்படம் என ஏதோ ஒரு காரணத்துக்காகச் சென்னையின் மீனவக் குப்பங்களுக்கும் மறுகுடியமர்வுப் பகுதிகளுக்கும் கதை கேட்கச் செல்வோர் பெருகியிருக்கிறார்கள். மக்களோடு பழகி அவர்கள் வாழ்வை எழுதும் இனவரைவியல் கள ஆய்வில் மாணவர்களுக்கு வழிகாட்டும் பொறுப்பில் இருப்பதால், அவர்கள் கொண்டுவரும் பதிவுகளைத் தொடர்ந்து கேட்டு வருகிறேன். குரல் தெளிவாக இருக்கிறது, எழுத்துப்படியும் ஒழுங்காக இருக்கிறது. ஆனால் அந்தக் கதை யாரிடம், எந்தச் சந்தர்ப்பத்தில், என்ன எதிர்பார்ப்போடு சொல்லப்பட்டது என்ற குறிப்பு பெரும்பாலும் இருப்பதில்லை. அது இல்லாத கதையை வைத்து ஆய்வு செய்வது கடினம். சில வேளைகளில் சொன்னவருக்கே அது கேடாக முடியும்.

இந்தக் குறை நம் ஊருக்குப் புதிதன்று. எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக 1885 முதல் 1908 வரை இருந்த எட்கர் தர்ஸ்டன், ரங்காச்சாரியின் துணையுடன் தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றி 1909-இல் ஏழு தொகுதிகளை வெளியிட்டார். மனிதர்களின் தலையையும் மூக்கையும் கருவி வைத்து அளந்து அட்டவணை போட்டவர் அவர். சாதிகளின் தோற்றக் கதைகளையும் ஏராளமாகச் சேர்த்தார். ஆனால் அளவுகளில் காட்டிய கண்டிப்பைக் கதைகளில் காட்டவில்லை. கதையைச் சொன்னவர் ஆணா பெண்ணா, நிலம் உள்ளவரா இல்லாதவரா என்பது பல இடங்களில் தெரிவதில்லை. 1901-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு சாதிகளைச் சமூகத் தகுதியின்படி வரிசைப்படுத்த முற்பட்டதால், உயர்ந்த இடம் கேட்டுப் பல தரப்பினரும் மனு அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. அரசாங்கத்து ஆள் குறிப்பேட்டோடு வந்து உங்கள் முன்னோர் யார் என்று கேட்கும்போது கிடைக்கும் விடை, வழிவழியாக வந்த வழக்காறாக மட்டுமல்லாமல் விண்ணப்பமாகவும் இருந்திருக்கும். அதை வெறும் நம்பிக்கை என்று பதிவு செய்தால் பாதிதான் பதிவாகிறது.

சென்னையின் மறுகுடியமர்வுப் பகுதியான கண்ணகி நகரில் இன்றும் இதைக் கேட்கலாம். நகரத்துக்குள்ளிருந்து அகற்றப்பட்ட குடும்பங்கள் 2000-ஆம் ஆண்டு வாக்கிலிருந்து அங்கே குடியமர்த்தப்பட்டன. பழைய இடத்தில் வாழ்க்கை எப்படி இருந்தது என்று ஆய்வாளர் கேட்கிறார். பேசும் பெண்மணியோ எந்த ஆண்டிலிருந்து ரேஷன் அட்டை இருந்தது, மின் இணைப்பு யார் பேரில் இருந்தது, பயோமெட்ரிக் எடுத்தபோது மகன் வீட்டில் இல்லாததால் என்ன ஆயிற்று என்று வரிசையாகச் சொல்கிறார். கதை மனுவின் வடிவத்தில் வருகிறது. ‘எத்தினி பேரு வந்து எழுதினு போறாங்க, ஒண்ணும் நடக்கல’ என்ற பேச்சும் கூடவே வரும். மாணவர்கள் இதைத் தலைப்பிலிருந்து விலகிய பேச்சு என்று நீக்கிவிடுவதை அடிக்கடி பார்க்கிறேன். அதை நீக்கக் கூடாது. அரசோடு மக்களுக்குள்ள உறவு எத்தகையது, அந்த உறவில் தம்மை அவர்கள் எங்கே வைத்துப் பார்க்கிறார்கள் என்பதற்கு இதைவிட நேரான சான்று கிடைப்பது அரிது. மாலையில் தண்ணீர் பிடிக்கும் இடத்தில் அக்கம்பக்கத்தாரிடம் அதே பெண்மணி அதே இடப்பெயர்வை வேறு விதமாகச் சொல்வார். அதில் பழைய தெருவும், வேலை பார்த்த வீடுகளும், வழியில் தொலைந்த பீரோவும் இருக்கும். இரண்டில் எது உண்மை என்று கேட்பது தவறான கேள்வி. இரண்டையும் எழுதி, இரண்டையும் கேட்டது யார் என்றும் எழுத வேண்டும்.

கேள்வி கேட்கும் முறையும் கதையை மாற்றும். நீலகிரியில் தோடர் பழங்குடியினரிடையே தங்கி ஆய்ந்து 1906-இல் நூல் வெளியிட்ட ஆங்கிலேய மானிடவியலாளர் ரிவர்ஸ், பொதுவான விதிகளைக் கேட்பதைவிட வம்சாவளியை எழுதிக்கொண்டு, அதில் பெயர் சொல்லப்பட்ட ஒவ்வொருவரின் வாழ்க்கையிலும் நடந்ததைக் கேட்பதே பயன் தரும் என்று கண்டார். அந்தக் காலத்து ஆய்வுகளோடு எனக்குப் பல பிணக்குகள் உண்டு, ஆயினும் இந்த முறை இன்றும் பலன் தருகிறது. உங்கள் சமூகத்தில் சீர்வரிசை முறை என்ன என்று கேட்டால் பாடநூல் விடைதான் வரும். உங்கள் அக்கா கல்யாணத்தில் யார் என்ன செய்தார்கள் என்று கேட்டால் கடன், சண்டை, தாய்மாமன் கோபித்துக்கொண்டு பந்தியிலிருந்து எழுந்துபோனது எல்லாம் வரும். இவ்வளவையும் கேட்டுவிட்டு வந்து, ‘இச்சமூகத்தில் தாய்மாமனுக்கு முதன்மை அளிக்கப்படுகிறது’ என்று ஆய்வேட்டில் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். ஒரு குடும்பத்தில் நடந்தது ஊருக்கே பொது விதியாகிவிடுகிறது. ஆய்வாளரும் கதைசொல்லிதான் என்பது இங்கேதான் வெளிப்படுகிறது.

கதையே உரிமைச் சான்றாகப் பயன்படும் இடங்களில் கூடுதல் எச்சரிக்கை தேவை. தொன்மங்கள் ஒரு சமூகத்தின் நிலத்துக்கும் வழக்கத்துக்கும் சாசனம்போல நிற்கின்றன என்று மானிடவியலாளர் மாலினோவ்ஸ்கி 1926-இல் எழுதினார். சென்னைக்கு வடக்கே பழவேற்காடு ஏரியில் மீனவ ஊர்கள் முறை வைத்துத் தொழில் செய்யும் பாடு என்ற வழக்கத்தை எடுத்துக்கொண்டால் அவர் சொன்னது விளங்கும். எந்த இடத்தில் யார் வலை போடலாம், யார் போடக் கூடாது என்பதை ஊர்க்கட்டுப்பாடு தீர்மானிக்கிறது. அத்தகைய ஊரில் ‘எங்கள் பாட்டன் காலத்தில்’ என்று தொடங்கும் கதை பொழுதுபோக்கு அன்று. அண்டை ஊர் மறுக்கக்கூடிய உரிமைக் கோரிக்கை. ஒரு தரப்பின் கதையை மட்டும் அச்சேற்றுகிறவர், தாம் அறியாமலேயே அந்த வழக்கில் சாட்சியாகிவிடுகிறார்.

ஒப்புதல் படிவத்தில் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கியதும் கடமை முடிந்தது என்று பலரும் நினைக்கிறார்கள். பெயரை மாற்றிவிட்டால் அடையாளம் மறைந்துவிடும் என்ற எண்ணமும் உண்டு. ஒரு குப்பத்தில் கடலில் மகனை இழந்து, மருமகளோடு வழக்கில் இருக்கும் மூதாட்டி ஒருவரே இருக்கக்கூடும். அங்கே பெயரை மாற்றியும் பயனில்லை. ஆகவே எழுதி முடித்த பகுதியை, அச்சுக்குப் போகும் முன், சொன்னவருக்கு அவர் பேசும் தமிழிலேயே வாசித்துக் காட்டும்படி மாணவர்களிடம் வற்புறுத்துகிறேன். சிலர் ஒரு பகுதியை எடுத்துவிடச் சொல்வார்கள், அதை எடுத்துவிட வேண்டும். சிலர் விட்டுப்போனதைச் சேர்ப்பார்கள். சேர்த்தது எப்போது, எதைக் கேட்டபின் என்று தேதியோடு தனியாகக் குறித்துவைக்க வேண்டும், முதல் பதிவோடு கலந்துவிடக் கூடாது.