ஆளும் கிடைக்கவில்லை, கணக்கும் குறையவில்லை

"நடவுக்கும் களையெடுப்புக்கும் ஆள் கிடைப்பதில்லை என்று டெல்டா முழுக்கப் புலம்பல். அரசுக் கணக்கோ விவசாயத்தில் இருப்போரின் பங்கு கூடியிருப்பதாகச் சொல்கிறது. எது பொய்?" என்று வாசகர் ஒருவர் கேட்கிறார். இரண்டுமே மெய்தான்.

பொருளாதாரம் வளர வளர உழைப்பாளிகள் வயலிலிருந்து ஆலைக்கும், பிறகு சேவைத் துறைக்கும் நகர்வார்கள் என்பது பள்ளியில் படித்ததுதான். தென்கொரியா அப்படியே நகர்ந்தது: 1963இல் வேலை செய்தவர்களில் 63 சதவீதம் பேர் விவசாயத்தில் இருந்தார்கள், இன்று சுமார் 5 சதவீதம். இந்தியாவிலும் 1993-94இல் ஏறத்தாழ 64 சதவீதமாக இருந்தது 2018-19இல் 42.5 ஆக இறங்கியது. பிறகு ஏறத் தொடங்கி, 2023-24இல் 46.1இல் நின்றது. கொரோனா ஊரடங்கில் ஊர் திரும்பியவர்களால் வந்த ஏற்றம் என்றால் அதன்பின் வடிந்திருக்க வேண்டுமே?

கிராமப்புற ஆண்களைத் தனியே பாருங்கள். வேலை செய்யும் அவர்களில் விவசாயத்தில் இருப்போர் 2018-19க்கும் 2023-24க்கும் இடையே 53.2 சதவீதத்திலிருந்து 49.4 ஆகக் குறைந்திருக்கிறார்கள். கிராமப்புறப் பெண்களில் அதே பங்கு 71.1இலிருந்து 76.9 ஆக ஏறியிருக்கிறது. கூடவே, 'வேலை செய்பவர்' என்று கணக்கில் வரும் பெண்களும் பெருகிவிட்டார்கள்.

இனி வருவது வெறும் வகுத்தல்தான். ஓர் ஊரில் உழைப்பவர் 100 பேர், விவசாயத்தில் 42 பேர் என்று வையுங்கள். மூன்று ஆண்கள் கட்டட வேலைக்குப் போகிறார்கள், மீதி 39. இதுவரை கணக்கில் வராத 14 பெண்கள் புதிதாகச் சேர்கிறார்கள், அதில் 12 பேர் விவசாயத்தில். இப்போது 114இல் 51, ஏறக்குறைய 45 சதவீதம். கட்டட வேலையை விட்டு வயலுக்குத் திரும்பியவர் ஒருவர்கூட இல்லை. பங்கு மட்டும் மூன்று புள்ளி ஏறிவிட்டது!

அந்தப் பெண்கள் எப்படிக் கணக்கில் வருகிறார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்த இடம். இந்த எண்களைத் தரும் அரசின் உழைப்பாளர் கணக்கெடுப்பில் (PLFS), கணக்கெடுப்பவரின் படிவத்தில் 93 என்றொரு குறியீடு உண்டு. வீட்டுவேலையோடு விறகு, கீரை, மாட்டுத் தீவனம் போன்றவற்றை இலவசமாகச் சேகரிப்பவர் அதில் வருவார். அவர் உழைப்பாளி அல்ல. சொந்த வயலில் கூலியில்லாமல் களை பறித்தாலோ, பால் விற்கும் குடும்பத்தின் மாட்டைப் பராமரித்தாலோ குறியீடு 21, அதாவது குடும்பத் தொழிலில் ஊதியமில்லா உதவியாளர், அவர் உழைப்பாளி. ஆண்டில் 30 நாள் இப்படிச் செய்தால் துணை வேலையாக ஏறிவிடும். புல் அறுப்பதற்கும் மாட்டைப் பராமரிப்பதற்கும் நடுவே கோடு கிழிப்பது, கேள்வியை எவ்வளவு பொறுமையாகக் கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. ஏற்றம் முழுவதும் இதனால் வந்ததென்று சொல்ல மாட்டேன். வருமானம் போதாமல் நிஜமாகவே வயலில் இறங்கியவர்களும் உண்டு. இரண்டையும் பிரித்தறிய நல்ல கணக்கெடுப்பாளர்கள் வேண்டும். ராக்கெட்டுக்குக் கைதட்டும் நாம் இந்தச் செலவை வீண் என்று நினைப்பது எனக்கு எரிச்சல்.

ஆக, கணக்கில் கூடியவர்களில் பெரும்பகுதி சொந்த நிலத்தில் நிற்பவர்கள். அடுத்தவர் வயலுக்குக் கூலிக்கு வரும் ஆள் இல்லை என்ற புலம்பலை அது தீர்க்காது.

வெளியேறிய ஆண்கள் ஆலைக்கும் அவ்வளவாகப் போகவில்லை. 2023-24இல் உற்பத்தித் துறையின் பங்கு 11.4 சதவீதம், கட்டுமானம் 12. நாட்டின் உற்பத்தி மதிப்பில் ஏறத்தாழ 18 சதவீதம் விவசாயத்திலிருந்து வருகிறது. அதை 46 சதவீதம் பேர் பகிர்கிறார்கள். தலைக்குக் கணக்கிட்டால் மற்ற துறைகளில் ஒருவர் ஈட்டும் மதிப்பு இதைப்போல் சுமார் நான்கு மடங்கு. ஒருவர் துறை மாறினாலே புது இயந்திரம் எதுவுமின்றி நாட்டின் உற்பத்தி உயரும் என்பது இந்த இடைவெளியால்தான். சித்தாள் வேலைக்கு மாறுவதில் அந்த நான்கு மடங்கு கிடைக்காது.

ஒரு எச்சரிக்கை. 2025 ஏப்ரல் மாதக் கணக்கு முதல் இந்தக் கணக்கெடுப்பில் மாதாந்தர எண்களும் வருகின்றன. அவை முந்தைய ஏழு நாளை வைத்துச் சொல்பவை. வாரத்தில் ஒரு மணி நேரம் உழைத்தாலே உழைப்பாளி. மேலே சொன்ன 46.1 ஓராண்டை வைத்துச் சொல்வது. இரண்டையும் ஒரே வரைபடத்தில் கோத்து 'திடீர் மாற்றம்' என்று யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பினால், முதலில் எந்த அளவுகோல் என்று கேளுங்கள்.