‘மேலிடத்து உத்தரவு’ எதுவரை காப்பாற்றும்? ராணுவ வீரர்கள் தெரிந்திருக்க வேண்டிய சட்டம்

கசம் பரேடில் (உறுதிமொழி அணிவகுப்பில்) எடுத்த உறுதிமொழியை எந்த ஜவானும் மறப்பதில்லை. ஆனால் அதில் எது முதலில் வருகிறது என்று கேட்டால் பலர் யோசிப்பார்கள். 1950-ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு அதன் உள்ளடக்கத்தை வகுத்திருக்கிறது. சட்டப்படி நிறுவப்பட்ட இந்திய அரசியலமைப்புக்கு உண்மையாக இருப்பது முதலில். தரை, கடல், வான் என எவ்வழியில் அனுப்பினாலும் போவது அடுத்து. உயிருக்கே ஆபத்து என்றாலும் மேலதிகாரிகளின் எல்லாக் கட்டளைகளுக்கும் கீழ்ப்படிவது அதற்கும் பிறகு.

‘எல்லாக் கட்டளைகளும்’ என்று இருக்கிறதே, மறுப்பதற்கு இடம் எங்கே? அந்த இடம் தண்டனைப் பிரிவிலேயே இருக்கிறது. 41-ஆவது பிரிவு சட்டபூர்வமான கட்டளையை மீறுவதை மட்டுமே குற்றமாக்குகிறது. மேலதிகாரி தன் பணியின் நிமித்தம் நேரடியாக இட்ட கட்டளையை, அதிகாரத்தையே எதிர்க்கிற தோரணையில் வேண்டுமென்றே மீறினால் 14 ஆண்டு வரை சிறை. அந்தத் தோரணை இல்லாத மீறலுக்கு, ஆக்டிவ் சர்வீஸில் (எதிரிக்கு எதிரான களப்பணி போன்றவற்றில்) இருந்தால் அதே 14 ஆண்டு வரை, இல்லாவிட்டால் 5 ஆண்டு வரை. ‘மேலதிகாரி’ என்பதில் ஜே.சி.ஓ.க்களும் (சுபேதார் போன்றவர்கள்) என்.சி.ஓ.க்களும் (ஹவில்தார், நாயக் போன்றவர்கள்) அடக்கம். எனவே ஹவில்தார் சொன்னதுதானே என்று அலட்சியமாக விட முடியாது. கட்டளை சட்டபூர்வமானது இல்லையென்றால் இந்தக் குற்றமே உருவாகாது.

இதை வாசித்ததும் சிலருக்கு வரும் தைரியம்தான் ஆபத்து. மறுக்கும் உரிமை மிகக் குறுகியது. ராணுவச் சட்டக் கையேட்டின் விளக்கக் குறிப்புகள் சொல்வதன் சாரம் இது: நாட்டின் சட்டத்துக்கோ படையின் நிலைபெற்ற வழக்கத்துக்கோ வெளிப்படையாக முரணாக இல்லாதவரை, கட்டளைக்குத் தயங்காமல் கீழ்ப்படிய வேண்டும். கட்டளை முட்டாள்தனமானதா, நியாயமற்றதா, மனசாட்சிக்கு ஒவ்வாததா என்பதெல்லாம் வேறு கேள்விகள். மைனஸ் குளிரில் ரோந்து போகச் சொல்வது, ஆபத்தான சரிவில் ஏறச் சொல்வது, விடுப்பை ரத்து செய்வது எல்லாமே சட்டபூர்வமான கட்டளைகள்தான். மத நம்பிக்கையைக் காரணம் காட்டுவதற்கும் இங்கே வரம்பு உண்டு. ரெஜிமெண்டின் வழிபாட்டிடத்துக் கருவறைக்குள் நுழைய மறுத்த அதிகாரி ஒருவர் கோர்ட் மார்ஷல் (ராணுவ நீதிமன்ற விசாரணை) இல்லாமலேயே பணியிலிருந்து நீக்கப்பட்டார். அந்த நீக்கம் சரிதான் என்று டெல்லி உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும் 2025-இல் சொல்லிவிட்டன.

கட்டளை ராணுவக் கடமையோடு தொடர்புள்ளதாகவும் இருக்க வேண்டும். அதிகாரியின் சொந்த வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிப்பது அந்தக் கணக்கில் வராது. ஆனாலும் அந்த மாதிரி விஷயத்தில் அங்கேயே நின்று மல்லுக்கட்டுவதைவிட, செய்துவிட்டு 26-ஆவது பிரிவின் கீழ் புகார் கொடுப்பதே புத்திசாலித்தனம் என்பது என் கருத்து. யாருக்கும் உயிரோ உடலோ போகாத இடத்தில் மறுப்பால் கிடைப்பது குறைவு.

உயிர் சம்பந்தப்பட்ட இடம் வேறு. கூட்டத்தைக் கலைக்கும் பணியை எடுத்துக்கொள்வோம். குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 149-ஆவது பிரிவின்படி, நிர்வாக மாஜிஸ்திரேட் கேட்டுக்கொண்டால் ராணுவம் சட்டவிரோதக் கூட்டத்தைக் கலைக்கலாம். ஆனால் கலைப்பதற்கும் கைது செய்வதற்கும் எவ்வளவு தேவையோ அந்த மிகக் குறைந்த பலத்தையே பயன்படுத்த வேண்டும், மிகக் குறைந்த காயத்தையே ஏற்படுத்த வேண்டும். மாஜிஸ்திரேட்டைத் தொடர்புகொள்ளவே முடியாத நிலையில் மட்டும், 150-ஆவது பிரிவின் கீழ் ராணுவ அதிகாரி தானாக நடவடிக்கை எடுக்கலாம். தொடர்பு கிடைத்ததும் மாஜிஸ்திரேட்டின் சொல்படி நடக்க வேண்டும். கட்டளைப்படி நடந்த ஜவானுக்கு 151-ஆவது பிரிவு பாதுகாப்பு தருகிறது. ஆனால் அது எந்தக் கட்டளைக்கும் கிடைத்துவிடாது. அவர் கீழ்ப்படியக் கடமைப்பட்ட கட்டளையாக அது இருக்க வேண்டும். குற்றங்களையும் தண்டனைகளையும் வகுக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 14-ஆவது பிரிவும் இதையே சொல்கிறது. மேலதிகாரியின் உத்தரவுப்படி கலகக் கும்பலை நோக்கிச் சுடும் ஜவான் குற்றவாளி அல்ல என்பது அங்குள்ள எடுத்துக்காட்டு. ஆனால் அந்தச் சூடு சட்டத்தின் கட்டளைக்கு இணங்கியதாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை அதே வாக்கியத்திலேயே இருக்கிறது. கலைந்து ஓடுகிறவர்களின் முதுகில் சுடச் சொன்னால் அந்த நிபந்தனை அறுந்துவிடுகிறது. 1919 ஏப்ரல் 13 அன்று ஜாலியன்வாலா பாகில் நடந்தது அதுதான்: எச்சரிக்கை இல்லை, வெளியேற வழியில்லை, சுமார் 10 நிமிடத்தில் 1,650 ரவுண்டுகள்.

கலவரப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடங்களில் 1958-ஆம் ஆண்டு ஆயுதப் படைகள் சிறப்பு அதிகாரச் சட்டம் இருக்கிறதே என்பார்கள். அதன் 4-ஆவது பிரிவு உயிர் போகும் அளவுக்கு பலம் பயன்படுத்த அனுமதிப்பது உண்மை. ஆனால் அதற்கும் தகுந்த எச்சரிக்கை கொடுக்க வேண்டும். சுடப்படுபவர் கூட்டத் தடையையோ ஆயுதத் தடையையோ மீறிக்கொண்டிருப்பவராக இருக்க வேண்டும். கைகட்டி உட்கார்ந்திருப்பவர் அந்த வரையறைக்குள் வரவே மாட்டார். கைதானவரை மிகக் குறைந்த தாமதத்தில் அருகிலுள்ள காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும் என்கிறது 5-ஆவது பிரிவு. 1997-இல் இந்தச் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், ராணுவத் தலைமையகத்தின் ‘செய்ய வேண்டியவை, செய்யக் கூடாதவை’ பட்டியலைக் கட்டாயம் பின்பற்ற வேண்டும் என்றும் சொன்னது. ஆகவே ‘இன்னும் இரண்டு நாள் கேம்ப்பிலேயே வைத்து விசாரிப்போம், எங்கும் எழுத வேண்டாம்’ என்பது சிறப்புச் சட்டம் உள்ள இடத்திலும் சட்டவிரோதமான கட்டளைதான்.

அந்தச் சட்டத்தின் 6-ஆவது பிரிவின்படி, மத்திய அரசின் முன் அனுமதி இல்லாமல் வழக்குத் தொடர முடியாது. இதை முழு விலக்கு என்று நினைப்பதுதான் படையில் பரவலாக உள்ள தப்புக் கணக்கு. வழக்கு தொடங்குவதற்கு முன் இருக்கும் ஒரு தடுப்பு அது. செய்த செயலை அது சட்டபூர்வமாக்காது. மணிப்பூரில் நடந்த என்கவுன்டர் கொலைகள் தொடர்பான வழக்கில் 2016 ஜூலையில் உச்ச நீதிமன்றம், கலவரப் பகுதியிலும் முழு விலக்கு கிடையாது என்று தெளிவாகச் சொன்னது. அதற்கு முன்பே, 2011-இல் ஒரு போலி என்கவுன்டர் வழக்கில், மேலதிகாரி உத்தரவிட்டார் என்ற சாக்கு செல்லாது என்று நாஜித் தலைவர்கள் மீதான நியூரம்பர்க் விசாரணையை நினைவூட்டிக் காவல்துறையை எச்சரித்தது. போர்க்களத்துக்கு 1960-ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கைகள் சட்டம் இருக்கிறது. சரணடைந்தவர், காயம்பட்டவர் போன்ற பாதுகாக்கப்பட்டவரை வேண்டுமென்றே கொன்றால் மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை.

சட்டவிரோதக் கட்டளை தெளிவான வார்த்தைகளில் வருவது அபூர்வம். ‘பார்த்துக்கோ’, ‘கதையை முடிச்சிடு’, ‘இவன் நாளைக்கு இருக்கக் கூடாது’ என்றுதான் வரும். சொன்னவர் பிறகு ‘நான் அப்படிச் சொல்லவில்லை’ என்று தப்பிக்க அதில் இடம் இருக்கும். விரலை அழுத்தியவருக்கு அந்த இடம் இருக்காது. 1956 அக்டோபர் 29 அன்று இஸ்ரேலின் கஃபர் காசிம் கிராமத்தில் ஊரடங்கு நேரம் திடீரென முன்னுக்கு வந்தது. செய்தி தெரியாமல் வேலையிலிருந்து திரும்புகிறவர்களை என்ன செய்வது என்று எல்லைக் காவல் படையினர் கேட்டபோது, ‘ஆண்டவன் அவர்கள் மேல் கருணை காட்டட்டும்’ என்ற பொருளில்தான் பதில் வந்தது. அந்தக் கிராமத்தில் 40-க்கும் மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பக்கத்துக் கிராமங்களில் இதே உத்தரவைப் பெற்ற சில அணித் தலைவர்கள் சுடவில்லை. வெளிப்படையான சட்டவிரோதம் கட்டளையின் மேல் கறுப்புக் கொடி போலப் பறக்கும் என்று பிறகு எழுதிய நீதிபதி, கீழ்ப்படிந்தவர்களில் பலரையும் குற்றவாளிகள் என்றே தீர்ப்பளித்தார்.

எனவே முதல் வேலை, கட்டளையைத் தெளிவாக்குவது. ‘சாப், இவரைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்கிறீர்களா?’ என்று சட்டபூர்வமான பொருளை முன்வைத்துக் கேளுங்கள். பெரும்பாலும் கட்டளை அங்கேயே கரைந்துவிடும். வாய்விட்டுச் சொல்லத் துணிகிறவர் குறைவு. கரையாவிட்டால், சொன்னதைச் சொன்னபடியே திருப்பிச் சொல்லி உறுதி கேளுங்கள். வயர்லெஸில் வந்தால் லாக் புத்தகத்தில் நேரத்தோடு பதிய வையுங்கள். எழுத்தில் கேட்பதும் தவறில்லை. ஆனால் எழுத்தில் தந்துவிட்டதால் மட்டும் சட்டவிரோதம் சட்டமாகிவிடாது, வாய்மொழி என்பதால் சட்டபூர்வமான கட்டளை வலுவிழந்தும் விடாது.

அப்புறமும் கட்டளை நின்றால், மறுப்பு ஒரே வாக்கியத்தில் இருக்கட்டும். ‘சாப், இது சட்டத்துக்குப் புறம்பானது, என்னால் செய்ய முடியாது, இவரைக் காவலில் வைத்திருக்கிறேன், மற்ற எல்லா உத்தரவுக்கும் தயார்.’ குரலை உயர்த்தாதீர்கள், விளக்கவுரை வேண்டாம். திட்டினாலோ மிரட்டினாலோ ராணுவச் சட்டத்தின் 40-ஆவது பிரிவு தனியாக வந்து ஒட்டிக்கொள்ளும். மறுப்பு நியாயமாக இருந்தாலும் அந்தக் குற்றம் நிற்கும். ஆயுதத்தைக் கீழே எறிவது, காவல் முனையை விட்டு நகர்வது, கேம்ப்பை விட்டுப் போவது எதுவும் கூடாது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பிரிவு உண்டு. ‘நாளை காலை இதைச் செய்’ என்ற கட்டளையென்றால், அந்த நேரம் வரும்வரை மீறல் நடந்ததாகாது. அதற்குள் கம்பெனி கமாண்டரையோ சி.ஓ.வையோ (படைப்பிரிவின் தலைமை அதிகாரியையோ) பார்த்துவிட முடியும். முந்தின இரவே பாரக்கில் ‘நான் செய்யப் போவதில்லை’ என்று அறிவிப்பது வீண் வம்பு.

பலர் சறுக்குவது இன்னொரு இடத்தில். தான் மறுப்பதோடு நிற்காமல், ‘நீங்களும் சுடாதீங்கடா’ என்று பக்கத்தில் இருப்பவர்களைத் திரட்டிவிடுகிறார்கள். அந்த நொடியில் 41-ஆவது பிரிவு பின்னுக்குப் போய் 37-ஆவது பிரிவான கலகம் முன்னுக்கு வந்துவிடுகிறது. அதற்கு உச்சபட்ச தண்டனை மரணம். 1930 ஏப்ரல் 23 அன்று பெஷாவரில் சந்திர சிங் கர்வாலியும் அவருடைய ராயல் கர்வால் ரைஃபிள்ஸ் தோழர்களும் நிராயுதபாணிகளான பட்டாணியர் கூட்டத்தை நோக்கிச் சுட மறுத்தார்கள். கோர்ட் மார்ஷல் அவருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. இன்று அவர் மாவீரர். ஆனால் இன்றைய சட்டத்திலும் சேர்ந்து மறுப்பதைத் தனி ஆள் மறுப்பைப் போலப் பார்க்க மாட்டார்கள். ஒவ்வொருவரும் தனக்கு வந்த கட்டளைக்குத் தனக்காக மட்டும் பதில் சொல்ல வேண்டும்.

மறுத்த அன்றே நடந்ததை எழுதி வையுங்கள்: தேதி, நேரம், இடம், சொல்லப்பட்ட வார்த்தைகள் அப்படியே, அருகில் யார் இருந்தார்கள். பிறகு 26-ஆவது பிரிவின் கீழ் கம்பெனி கமாண்டரிடம் புகார். அவரே கட்டளையிட்டவர் என்றால் அவருக்கு மேலே உள்ளவரிடம். அதிகாரிகளுக்கு 27-ஆவது பிரிவு. தெரிந்ததை மட்டும் எழுதுங்கள். பொய் என்று தெரிந்தே ஒருவர் மேல் பழி சுமத்தினால் 56-ஆவது பிரிவில் 5 ஆண்டு வரை சிறை. கைப்பேசியில் வீடியோ எடுத்துச் சமூக ஊடகத்தில் போடுவது எவ்வளவு நியாயமான புகாரையும் கெடுத்துவிடும். பத்திரிகையோடு தொடர்புகொள்ள ராணுவ விதிகள் தடை விதிக்கின்றன. அரசியலமைப்பின் 33-ஆவது பிரிவு அப்படிக் கட்டுப்படுத்த நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் தருவதால், பேச்சுரிமை வாதம் அங்கே எடுபடாது.

குற்றச்சாட்டு வந்தால், சி.ஓ. முன்னிலையில் நடக்கும் முதல் விசாரணையிலேயே கட்டளையின் வார்த்தைகளைப் பதிய வைக்க வேண்டும். அடுத்து ராணுவ விதிகளின் 23-ஆவது விதியின்படி சாட்சியச் சுருக்கம் எழுதுவார்கள். அங்கே சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யும் உரிமை உங்களுக்கு உண்டு. பலரும் ‘எதற்கு வம்பு’ என்று ‘கேள்வி இல்லை’ எனக் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். பின்னால் ஆயுதப் படைத் தீர்ப்பாயத்தில் அந்தத் தாளைத்தான் முதலில் புரட்டுவார்கள். உங்கள் நற்பெயரைப் பாதிக்கக்கூடிய கோர்ட் ஆஃப் இன்கொயரியில் (உண்மை அறியும் ராணுவ விசாரணையில்) முழு நேரமும் உடனிருக்க 180-ஆவது விதி உரிமை தருகிறது. சம்மரி கோர்ட் மார்ஷலில் (சுருக்கமான ராணுவ நீதிமன்ற விசாரணையில்) நீதிபதி இடத்தில் உட்காருபவர் உங்கள் சி.ஓ.தான், அவருக்கு ஓராண்டு வரை சிறை விதிக்க முடியும், தீர்ப்பு மேலிட ஒப்புதலுக்குக் காத்திராமல் உடனே அமலாகும். அங்கே உதவிக்கு ஒரு நண்பரை வைத்துக்கொள்ளலாம். ‘குற்றத்தை ஒப்புக்கொள், சின்ன தண்டனையோடு போய்விடும்’ என்று யாராவது சொன்னால், கட்டளை சட்டபூர்வமானதா என்ற கேள்வியை நீங்களே கைவிடுகிறீர்கள் என்று பொருள்.

தண்டனை வந்த பிறகு ராணுவச் சட்டத்தின் 164-ஆவது பிரிவின்படி மேல்மனு. அதன் பிறகு 2007-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த ஆயுதப் படைத் தீர்ப்பாயம். தமிழ்நாட்டுக்காரர்களுக்குச் சென்னையிலேயே அமர்வு இருக்கிறது. பணி சார்ந்த மனுவென்றால், புகார் மீதான இறுதி உத்தரவு வந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் அங்கே தாக்கல் செய்ய வேண்டும். அதனால் அந்த உத்தரவு கைக்கு வந்த தேதியை உறையோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள்.