மீப்பணவீக்கம்

ஹைப்பர்இன்ஃப்ளேஷனைப் பலரும் 'கடும் விலைவாசி உயர்வு' என்று எழுதிவிடுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. விலை ஏறுகிறது என்றால் பொருளுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது, கையிலிருக்கும் காசு பத்திரமாக இருக்கிறது என்று மனத்தில் படுகிறது. ஆனால் இங்கே கெட்டுப்போவது காசு.

இன்ஃப்ளேஷன், 'உள்ளே ஊது' என்று பொருள்படும் லத்தீன் வினையிலிருந்து வந்த சொல். ஹைப்பர், 'மேலே', 'கடந்து' என்னும் பொருளுடைய கிரேக்க முன்னொட்டு. தமிழில் ஊதலை விட்டுவிட்டு வீக்கம் என்றார்கள். அருமையான தேர்வு அது. வீங்கிய கால் பெருத்துத் தெரியும், ஊன்றினால் தாங்காது. அளவில்லாமல் அச்சடித்த நோட்டும் அப்படித்தான்.

சரி, எவ்வளவு வீங்கினால் இந்தப் பெயர்? விலைகள் ஒரே மாதத்தில் 50 சதவீதத்துக்கு மேல் ஏறினால் என்று 1956-இல் பொருளியலாளர் பிலிப் கேகன் வரையறுத்தார். அதே வேகம் ஓராண்டு நீடித்தால் விலை ஏறக்குறைய 130 மடங்காகிவிடும்.

குடும்பங்களுக்கு என்ன ஆகும் என்பதற்கு ஜெர்மனி சாட்சி. முதல் உலகப் போருக்கு முன் ஒரு அமெரிக்க டாலர் 4.2 மார்க் (மார்க் அந்நாட்டு நாணயம்), 1923 நவம்பரில் 4.2 லட்சம் கோடி மார்க். அதாவது டாலரில் நூறில் ஒரு பங்கான ஒரேயொரு சென்ட் வாங்க 4,200 கோடி மார்க் வேண்டும். போருக்கு முன் ஒரு லட்சம் மார்க் சேர்த்து வைத்திருந்தவர் வசதியானவர். அந்தத் தொகை வங்கிக் கணக்கில் ஒரு மார்க்கூடக் குறையாமல் அப்படியே இருந்தது, ஆனால் அதைக் கொண்டு எதையும் வாங்க முடியாது. ஓய்வூதியம், காப்பீடு, நாட்டை நம்பி வாங்கிய போர்க் கடன் பத்திரம் எல்லாவற்றுக்கும் இதே கதி. கூலி வாங்கியவர்கள் அது கையில் இருக்கும்போதே மதிப்பிழக்கும் என்று கடைக்கு ஓடினார்கள். அதே நேரத்தில், பெருங்கடன் வாங்கியிருந்தவர்கள் வெற்றுத்தாளைக் கொடுத்து அடைத்தார்கள். சிக்கனமாக இருந்தவர் இழந்தார், கடனாளி தப்பினார். இந்த அநியாயம்தான் என்னை மிகவும் உறுத்துகிறது.

ஹங்கேரியில் 1946 ஜூலையில் விலைகள் சுமார் 15 மணி நேரத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாயின.

அப்புறம், தமிழ்ச் சொல். மிகைப் பணவீக்கம், அதிபணவீக்கம் என்றும் எழுதுகிறார்கள். மிகை என்றால் தேவைக்குக் கொஞ்சம் கூடுதல் என்றும் பொருள்படும். அதி வடமொழி முன்னொட்டு. 'மீமிசை ஞாயிறு' என்னும் பழந்தொடரில் உள்ள 'மீ'க்கு மேல் என்றே பொருள். ஹைப்பர்டெக்ஸ்டை ஏற்கெனவே மீயுரை என்கிறோம். அந்த வழியில் மீப்பணவீக்கம் என்பதே பொருந்தும்.