சிட்காம் – களநகை: ஒரு சொல் விளக்கம்

‘சிட்காம்’ என்பது இரண்டு சொற்களைத் தறித்து ஒட்டிய சொல். முழு வடிவம் ‘சிச்சுவேஷன் காமெடி’. தமிழில் பெரும்பாலும் ‘நகைச்சுவைத் தொடர்’ என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். அது பாதிதான் சரி. காமெடியைத் தமிழாக்கிவிட்டுச் சிச்சுவேஷனைத் தொலைத்துவிடுகிறது. இந்தச் சொல்லின் உயிரோ அந்தத் தொலைந்த பாதியில்தான் இருக்கிறது.

சிச்சுவேஷனுக்கு வேர் இலத்தீனின் ‘சிட்டுஸ்’. இடம், இருப்பு என்று பொருள். வீட்டு மனையை நம் ஊரில் ‘சைட்’ என்கிறார்களே, அதற்கும் இதுவே வேர். ‘ஒரு நேரத்தின் சூழ்நிலை’ என்ற பொருள் பின்னால் வந்து சேர்ந்தது. முதற்பொருள் ஒன்று நிலைகொண்டிருக்கும் இடம். காமெடியின் வேர் கிரேக்கம். ‘கோமோஸ்’ என்றால் குடித்துப் பாடி ஆடிச் செல்லும் கொண்டாட்டக் கூட்டம். அதோடு பாடகரைக் குறிக்கும் சொல் சேர்ந்தது.

வடிவம் அமெரிக்க வானொலியில் வளர்ந்தது. தனித்தனித் துணுக்குகளைச் சொல்லிச் சிரிக்க வைப்பதை விட்டு, ஒரே வீட்டையும் ஒரே ஆட்களையும் வாராவாரம் கேட்க வைத்தார்கள். 1948 முதல் 1951 வரை அமெரிக்க ஒலிபரப்பு நிறுவனமான சிபிஎஸ்ஸின் வானொலியில் ‘மை ஃபேவரிட் ஹஸ்பண்ட்’ என்று ஒரு கணவன் மனைவி தொடர் வந்தது. மனைவியாக நடித்தவர் லூசில் பால். அதைத் தொலைக்காட்சிக்குக் கொண்டுபோகலாம் என்று சிபிஎஸ் கேட்டபோது, கணவனாகத் தன் சொந்தக் கணவரே நடிக்க வேண்டும் என்று அவர் உறுதியாக நின்றார். அந்தக் கணவர் கியூபாவில் பிறந்த இசைக்குழுத் தலைவர் டெசி அர்னாஸ். 1951 அக்டோபர் 15 அன்று ‘ஐ லவ் லூசி’ தொடங்கியது. சிட்காம் என்றால் என்ன என்று கேட்பவருக்கு நான் எடுத்துக்காட்டும் முதல் தொடர் இதுதான்.

நியூயார்க்கில் ஓர் அடுக்குமாடி வீடு. கணவன் ரிக்கி இசைக்குழு நடத்துகிறான். மனைவி லூசிக்கு எப்படியாவது மேடையேற வேண்டும். அவனுக்கோ அவள் வீட்டில் இருந்தால் போதும். வீட்டு உரிமையாளர் ஃபிரெட், அவர் மனைவி எத்தெல் இருவரும் இந்த இழுபறியில் மாறி மாறிக் கூட்டுச் சேருவார்கள். அரை மணி நேரத்தில் திட்டம் உருவாகும், கவிழும், மன்னிப்பு கிடைக்கும். அடுத்த வாரம் எல்லாம் பழையபடி. மெகா சீரியலோடு ஒப்பிட்டால் வேறுபாடு பளிச்சென்று தெரியும். அதில் நேற்று நடந்தது இன்றைக்குச் சுமையாகும். சிட்காமில் நேற்றைய கணக்கு நேற்றோடு தீர்ந்துவிடும்.

இங்கே கூர்ந்து பார்க்க வேண்டிய ஒன்று உண்டு. ஆறு ஆண்டுகளில் இந்தக் கூட்டம் ஹாலிவுட் போனது, ஐரோப்பா சுற்றியது, கடைசியில் கனெக்டிகட்டில் குடியேறியது. லூசிக்குக் குழந்தையும் பிறந்தது. அந்தப் பகுதி ஒளிபரப்பான 1953 ஜனவரி 19 அன்றுதான் லூசில் பாலுக்கும் மகன் பிறந்தான், சுமார் 4.4 கோடிப் பேர் பார்த்தார்கள். இத்தனை மாறியும் சிச்சுவேஷன் மாறவில்லை. காரணம், அது நான்கு சுவர் அன்று. அவளுடைய ஆசை, அவனுடைய மறுப்பு, நண்பர்களின் உடந்தை என்ற உறவு அமைப்பே அது. ஊர் மாறினாலும் சிரிப்பு முளைக்கும் மண் ஒன்றேதான். தமிழ்ச் சொல் தேடும்போது இதை மறக்கக் கூடாது.

இந்தத் தொடர் இன்றும் கிடைப்பதற்குக் காரணம் அதன் படப்பிடிப்பு முறை. அன்றைய நிகழ்ச்சிகள் பெரும்பாலும் நியூயார்க்கிலிருந்து நேரலையாகப் போயின. நாட்டின் மறுகோடிக்குக் கிடைத்தது திரையிலிருந்து எடுத்த மங்கல் படம்தான். கலிபோர்னியாவை விட்டு நகர மனமில்லாத இந்தத் தம்பதி, முன்னால் பார்வையாளர்களை அமர்த்தி, மூன்று கேமராக்களை ஒரே நேரத்தில் ஓடவிட்டு, 35 மி.மீ. படச்சுருளில் எடுத்தார்கள். ஒளிப்பதிவு கார்ல் ஃப்ராய்ண்ட், ஜெர்மனியில் ஊமைப்படக் காலத்திலேயே பெயர் பெற்றவர். கூடுதல் செலவுக்காகச் சம்பளத்தைக் குறைத்துக்கொண்ட டெசி, பதிலுக்குப் படச்சுருள்களின் உரிமையைக் கேட்டு வாங்கினார். மறு ஒளிபரப்பு என்ற வருமானம் அதிலிருந்து கிளைத்தது. சிட்காம் நடிகர்களின் பிற்கால வாழ்க்கையைத் தீர்மானித்ததும் இந்த மறு ஒளிபரப்புதான். பாத்திரங்கள் நாள்தோறும் திரையில் பழைய வயதிலேயே வந்துபோக, நடிகர்கள் வெளியே மூத்துக்கொண்டிருந்தார்கள்.

எத்தெலாக நடித்த விவியன் வான்ஸுக்கு இது பெரும் பாரமாக இருந்தது. ஃபிரெட்டாக நடித்த வில்லியம் ஃபிராலி அவரைவிட 22 வயது மூத்தவர். அப்பா வயதுக்காரருக்கு மனைவி என்றால் யார் நம்புவார்கள் என்று வான்ஸ் நொந்துகொண்டார். இருவருக்கும் கடைசிவரை ஒத்துப்போகவில்லை. ஃபிரெட், எத்தெலை மட்டும் வைத்துத் தனித்தொடர் எடுக்கப் பேச்சு வந்தபோது ஃபிராலி சம்மதித்தார், வான்ஸ் மறுத்துவிட்டார். 1962இல் ‘த லூசி ஷோ’வுக்கு அழைத்தபோது அவர் வைத்த நிபந்தனை எனக்கு மிகவும் பிடித்தது: பாத்திரத்தின் பெயர் விவியன் என்றே இருக்க வேண்டும். தெருவில் எல்லோரும் எத்தெல் என்றே கூப்பிட்டால், தன் பெயரை மீட்க வேறு என்ன வழி? 1979இல் அவர் காலமானார். ஃபிராலி 1960 முதல் ‘மை த்ரீ சன்ஸ்’ தொடரில் நடித்தார். உடல்நலம் குன்றி 1965இல் விலகி, 1966 மார்ச்சில் ஹாலிவுட் சாலையில் நடந்துகொண்டிருந்தபோது சரிந்து இறந்தார்.

டெசியும் லூசில் பாலும் 1960இல் மணமுறிவு பெற்றார்கள். இருவரும் சேர்ந்து தொடங்கிய டெசிலு நிறுவனத்தில் டெசியின் பங்கை 1962இல் லூசி வாங்கினார். பெரிய தொலைக்காட்சிப் படப்பிடிப்பு நிறுவனம் ஒன்றை ஒரு பெண் தலைமையேற்று நடத்தியது அமெரிக்காவில் அதுவே முதல்முறை. ‘ஸ்டார் ட்ரெக்’, ‘மிஷன்: இம்பாசிபிள்’ இரண்டும் அவர் காலத்தில் டெசிலுவில் உருவானவை. வீட்டைக் கவிழ்க்கும் அசட்டு மனைவியாக உலகம் அறிந்தவர், 1967இல் நிறுவனத்தை 1.7 கோடி டாலருக்கு விற்றார். 1986இல் 75 வயதில் அவர் நடித்த ‘லைஃப் வித் லூசி’ எட்டுப் பகுதிகளோடு நிறுத்தப்பட்டது. அதே ஆண்டு டிசம்பர் 2 அன்று டெசி மறைந்தார். சில நாள் கழித்து வாஷிங்டனில் லூசிக்கு கென்னடி மைய விருது. டெசி முன்பே எழுதி வைத்திருந்த வாழ்த்தை நடிகர் ராபர்ட் ஸ்டாக் மேடையில் வாசித்தார். ‘ஐ லவ் லூசி’ வெறும் தலைப்பாக ஒருநாளும் இருந்ததில்லை என்று அதில் இருந்தது. 1989 ஏப்ரலில் லூசியும் போனார். தொடரில் லூசியின் மகன் குட்டி ரிக்கியாக வந்த கீத் திபோடோ பின்னாளில் கிறித்தவ ராக் குழு ஒன்றில் டிரம்ஸ் வாசித்து, மனைவியோடு மிசிசிப்பியில் பாலே நடனக் குழுப் பணியில் ஈடுபட்டார்.

இனித் தமிழுக்கு வருவோம். ‘சூழ்நிலை நகைச்சுவை’ என்ற மொழிபெயர்ப்பு புழக்கத்தில் இருக்கிறது. எனக்கு அதில் நிறைவில்லை. சூழ்நிலை என்றவுடன் நமக்குத் தோன்றுவது நேரத்துக்கு நேரம் மாறுவது: ‘சூழ்நிலை சரியில்லை’, ‘சூழ்நிலைக் கைதி’. சிட்காமிலோ மாறாமல் இருப்பதுதான் சிச்சுவேஷன்.

தமிழில் இதற்கு ஒரு பழைய சொல் இருக்கிறது: நிலைக்களம். தொல்காப்பியர் உவமை தோன்றும் அடிப்படைகளை நிலைக்களம் என்கிறார்; உணர்ச்சி உடலில் வெளிப்படும் மெய்ப்பாட்டைப் பேசும் உரைகளிலும் சுவை பிறக்கும் இடத்தை இச்சொல்லால் சுட்டுகிறார்கள். இடம் என்ற பொருளும் இருக்கிறது, ஒன்று முளைத்தெழும் அடிப்படை என்ற பொருளும் இருக்கிறது. இலத்தீன் சிட்டுஸுக்கு இதைவிட நெருங்கிய உறவு கிடைக்காது. நகைக்கும் தொல்காப்பியர் நான்கு களம் சொல்கிறார்: எள்ளல், இளமை, பேதைமை, மடன். மடனுக்கு உரைமரபு தரும் விளக்கம் ‘கொளுத்தக் கொண்டு கொண்டது விடாமை’. அதாவது, பிறர் அறிவுறுத்தியதை மனத்தில் கொண்டபின் விடாமல் பிடித்திருப்பது. ஒரு பகுதியில் சாக்லேட் ஆலை வேலையில் நகரும் பட்டை வேகமாக ஓட ஓட, தாளில் சுற்ற முடியாத சாக்லேட்டை வாயிலும் தொப்பியிலும் திணித்துக்கொண்டு தோல்வியை ஒப்புக்கொள்ளாத லூசிக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் உண்டா?

ஆகவே முழு வடிவம் ‘நிலைக்கள நகைச்சுவை’. மகர மெய் கெட்டுப் புணர்ந்தது. ஆங்கிலத்தில் சுருக்கியதுபோல நாமும் சுருக்கினால் ‘களநகை’. ‘இன்பியல்’ இங்கே பொருந்தாது. அது துன்பியலுக்கு எதிராக நாடக வகையைக் குறிக்க வந்த சொல்.

எதைக் களநகை என்னலாம், எதை என்னக் கூடாது? ஒரே பெயருடைய கணவன் மனைவியை வைத்து வந்த ‘ரமணி வெர்சஸ் ரமணி’ என்ற தமிழ்த் தொலைக்காட்சித் தொடர் களநகை. வாரம் ஒரு வேடம், தொடர்பில்லாத காட்சிகள் என்று வரும் நிகழ்ச்சி களநகை ஆகாது. துணுக்கு நாடகம் என்றால் போதும். 1957 முதல் 1960 வரை ‘ஐ லவ் லூசி’யின் அதே நான்கு பேர் ஒரு மணி நேரச் சிறப்பு நிகழ்ச்சிகளில், விருந்தினர் நட்சத்திரங்களோடு வந்தார்கள். நீளமும் நட்சத்திரங்களும் கூடினாலும் ஆசையும் மறுப்பும் உடந்தையும் அங்கேயே இருந்தன. அதையும் களநகை என்றே எழுதுவேன்.